கம்போடியாவைப் பற்றி மூன்று பக்கங்கள்

1. பொங்கல் கழிந்த வாரத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குக் கம்போடியாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ஒரு சிறிய அரிசி ஆலைக்கு வேண்டிய இயந்திரங்கள், மொத்தமாக.

2. எங்களுக்கு அதுதான் முதல் வெளிநாட்டு ஆர்டர். அந்த நாட்டைப் பற்றி ஒரு குறிப்பு எழுதச் சொன்னார் முதலாளி. மூன்று பக்கம் எழுதினேன்.

3. இயந்திரத்தை அவர்களுக்கு எப்படி ஓட்டிக் காட்டுவது என்ற சோதனைப் பட்டியலையும் நான்தான் எழுதினேன். நாற்பத்தொரு வரி.

4. ஜூலையில், இயந்திரத்தைப் பார்த்து ஒப்புதல் தர ஒரு பெண்மணி வந்தார். அவருடன் வரவேண்டிய மெக்கானிக்குக்கு விசா கிடைக்கவில்லை.

5. முதல் நாள் நாற்பத்தொரு வரியிலும் இயந்திரம் தேறியது. இரண்டாம் நாள் காலையில் அவர் கையெழுத்துப் போட்டார்.

6. இரண்டாம் நாள் மதியம், சாப்பிடும்போது, அந்தச் சோதனை செல்லாது என்று தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். இதில் ஆறாவது வரிக்கு நான் பொறுப்பு என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு பேர். நெல்லின் உமியை நீக்கும் ஷெல்லர், அரிசியைத் தீட்டும் பாலிஷர், கல் பொறுக்கும் சல்லடை, இவற்றை இணைக்கும் ஏற்றிகள் ஆகியவற்றைச் செய்கிறோம். வாங்குகிறவர்கள் செங்குன்றம், ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்து ஆலைக்காரர்கள். நான் மெக்கானிக்கல் படித்தவள். வரைபடம், தரச் சோதனை, மின்னஞ்சல் மூன்றும் என் மேசைக்கு வரும். காட்டுப்பாக்கத்தில் அப்பா அம்மாவுடன் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். இயந்திரத்தின் உள்ளே அரிசி என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். வயலில் அது என்ன ஆகிறது என்று அவ்வளவாகத் தெரியாது.

அந்த மூன்று பக்கக் குறிப்பை எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் போர்கள்: பக்கத்து நாட்டின் சண்டை எல்லை தாண்டி வந்தது, வானிலிருந்து விழுந்த குண்டுகள், பிறகு உள்நாட்டுச் சண்டை. இரண்டாம் பக்கத்தில், நகரங்களைக் காலிசெய்து எல்லோரையும் வயலுக்கு ஓட்டிய ஆட்சி, பசியிலும் கொலைக்களத்திலும் இறந்தவர்கள், அதன் பிறகும் எல்லைக் காடுகளில் இருபது வருடம் போல இழுத்துக்கொண்டே போன சண்டை. மூன்றாம் பக்கத்தில் கண்ணிவெடிகள், அவற்றை அகற்றும் வேலை, திரும்பக் கிடைத்த நிலங்கள், புதிய சாலைகள், தையல் தொழிற்சாலைகள். கடைசி வரியில் ‘பல பத்தாண்டுப் போரிலிருந்து மீண்டுவரும் நாடு’ என்று முடித்திருந்தேன். எழுதி முடித்தபோது, ஒரு நாட்டைத் தெரிந்துகொண்ட மாதிரிதான் இருந்தது.

அந்தக் குறிப்பு அலுவலக உபயோகத்துக்கு. ஆனால் முதலாளி, வந்தவருக்குக் கொடுக்கும் கோப்பில் இயந்திரத்தின் வரைபடங்களோடு அதையும் சேர்த்து வைத்துவிட்டார். நம் ஊர் பற்றி இவ்வளவு சிரத்தை எடுத்திருக்கிறார்களே என்று அவர் மகிழ்வார் என நினைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது.

பூந்தமல்லியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அவருக்கு அறை போட்டிருந்தோம். காட்டுப்பாக்கத்திலிருந்து அது எனக்குப் பக்கம். அதனால் காலையில் ஸ்கூட்டரில் போய் அவரை அழைத்துவருவது என் வேலை ஆயிற்று. நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். சின்ன உருவம், கட்டையாக வெட்டிய முடி, வெள்ளைச் சட்டை. தன் ஊர் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். ஆங்கிலம் நிதானமாகப் பேசுவார். கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றில் முதலில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து, அங்கே கற்ற ஆங்கிலம் என்றார்.

முதல் நாள் காலை, மெட்ரோ தூண்களுக்கு நடுவே சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டார்: “இன்று என்ன, விடுமுறையா?”

“இல்லையே. ஏன் மேடம்?”

“இவ்வளவு வயதான ஆண்கள் சாலையில் நிற்கிறார்களே.”

டீக்கடை வாசலில் ஏழெட்டுப் பெரியவர்கள் கையில் கிளாஸோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தினமும் நிற்பவர்கள்தான். நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் ஊரில் அந்த வயதில் ஆண்கள் இப்படிக் கூட்டமாக நிற்கும் அளவுக்கு இல்லை என்று சொன்னார். சிக்னல் விழுந்தது. என் குறிப்பின் இரண்டாம் பக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. முட்செடியும் குப்பையுமாக இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு அதன் குறுக்கே நடந்தால் பின்வாசலுக்கு இரண்டு நிமிடம். அவர் ஒற்றையடிப் பாதையின் விளிம்பில் சட்டென்று நின்றுவிட்டார். கீழே பார்த்தபடி நின்றார்.  எவ்வளவு யோசனையில்லாமல் அழைத்து வந்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். குரலைத் தாழ்த்தி, “இங்கே பயமில்லை மேடம், நாம் சாலை வழியாகவே போய்விடலாம்” என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு காலைக் காட்டினார். “செருப்பு புதுசு. அங்கே சாக்கடை.”

நிஜமாகவே சாக்கடைத் தண்ணீர்தான் தேங்கியிருந்தது. சாலை வழியாகப் போனோம்.

எங்கள் தலைமை ஃபிட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பத்தைந்து வயது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிறார். அவருடைய அப்பா அந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு அறுத்தவர். இவர் பதினெட்டு வயதில் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணாத்தே’. எனக்கு மட்டும் அண்ணன். நான் அவருக்கு ‘டிசைன் மேடம்’, கோபம் வந்தால் ‘எம்மா’.

வந்தவரைப் பார்த்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மேடம், கேளு. நம்மாளு கட்ன கோயிலு அவுங்க ஊர்ல கீதாமே, பெருசா? நம்ம ராஜா போயி கட்னது?”

மொழிபெயர்க்கலாமா என்று யோசித்தேன். அவர் விடவில்லை. “கேளும்மா, சும்மா.”

கேட்டேன். வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். “இந்தியாவிலிருந்து வரும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கட்டியது எங்கள் ராஜா. வேண்டுமானால் உங்கள் ராஜா வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் என்று சொல்லுங்கள்.”

“இன்னாவாம்?”

“அவங்க ராஜாதானாம் அண்ணே. நம்ம ராஜா டூர் போயிருக்கலாமாம்.”

“செர்தான். டூராவது ஒத்துக்கிச்சே.”

அன்று சோதனை நன்றாகவே நடந்தது. செங்குன்றத்தில் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து இருபது மூட்டை நெல் தருவித்திருந்தோம். எப்போதும் அவரிடம்தான் வாங்குவோம். மோட்டாரின் சூடு, அதிர்வு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நெல் போகிறது, உமியோடு எவ்வளவு அரிசி தவறிப் போகிறது என ஒவ்வொரு வரியாக டிக் செய்தேன். கடைசிக் குழாயிலிருந்து அரிசி நொய் இல்லாமல் கொட்டியது. வந்தவர் அதைக் கைபேசியில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார். சங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் அந்த வாட்ஸாப் குழுவில் இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் குரல் செய்திகள் வரத் தொடங்கின. கைதட்டல், கூச்சல், ஒரு குழந்தையின் அழுகை. அவர் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் சொன்னார். அவர்கள் ஊர் நிலமெல்லாம் வெடிகள் புதைந்து கிடந்து, துப்புரவாகி, அவர்கள் கைக்கு வந்து எட்டு வருடம்தான் ஆகிறது. முதல் வருடத்திலிருந்து நல்ல விளைச்சல். ஆனால் ஊரில் ஆலை இல்லை. அறுத்த நெல்லை எல்லை தாண்டி வரும் லாரிக்காரர்களிடம் அப்படியே கொடுத்துவிட வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. சொந்தமாக ஆலை வைக்கலாம் என்று இவர்தான் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார். இரண்டு வருடம் பேசியிருக்கிறார். வரும் அறுவடைக்குள் ஆலை ஓடினால் அரிசியாக விற்கலாம். ஓடாவிட்டால், அல்லது அரிசி நொறுங்கி நொய்யாக வந்தால், எல்லோரும் லாரிக்குத் திரும்பிவிடுவார்கள். “பிறகு நான் ஒரு வீட்டுக் கதவையும் தட்ட முடியாது” என்றார்.

குழாயடியில் குனிந்து ஒரு சிட்டிகை அரிசியை எடுத்துப் பல்லில் கடித்தார். இன்னொன்றையும் கடித்தார். “மிகவும் பலமான அரிசி.”

பட்டியலின் குறிப்புப் பகுதியில் நான் எழுதினேன்: ‘அரிசியின் தரத்தை வாடிக்கையாளர் பாராட்டினார்.’ அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்று மாலை கிளம்பும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை முதலாளியிடம் கொடுத்தார். தங்கள் நெல், பக்கத்து நகரத்து ஆலையில் அரைத்தது என்றார். முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் பிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை லாட்ஜ் வாசலில் என் மூன்று பக்கங்களோடு நின்றுகொண்டிருந்தார். முதலாளி செய்த காரியம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இதை நீங்களா எழுதினீர்கள்?”

“ஆமாம். இது உங்களுக்காக இல்லை, அதாவது...”

“எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என் அம்மாகூட இவ்வளவு சொன்னதில்லை.” தாளை மடித்துப் பையில் வைத்தார். “என் மகள் மருந்தாளுநர் படிப்பு படிக்கிறாள். ‘நீ மீண்டுவருகிறாய்’ என்று அவளிடம் சொன்னால், என்ன நோயிலிருந்து என்று கேட்பாள்.”

சொன்ன குரலில் கோபம் இல்லை. ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, “போகலாமா?” என்றார். வானகரம் வரை அவர்தான் எல்லையோர அகதி முகாமில் பிறந்ததையும், பத்து வயதில் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதையும், பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்காகத் தங்கையோடு சண்டை போட்டதையும் சொன்னார். அந்தப் பயணத்தில் அவருக்கு நினைவிருப்பது அந்தச் சண்டைதானாம்.

பத்தரை மணிக்கு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். முதலாளி இனிப்பு வரவழைத்தார். கன்டெய்னர் அடுத்த வாரம் துறைமுகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

மதியம் எஸ்டேட் மெஸ்ஸுக்குப் போனோம். நான், அவர், ஃபிட்டர் அண்ணன். முதலாளிக்கு வேறு வேலை இருந்தது. இலையில் சோறு விழுந்ததும் வந்தவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்தார். “எங்கள் குழுவில் ஒரு பாட்டி கேட்டிருக்கிறார். நேற்றைய படத்தில் அரிசி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று. உங்கள் ரகம் அப்படி என்று பதில் சொன்னேன். இந்தச் சோறும் அதே நிறம். இது எந்த ரகம்?”

“ரகம் இல்லை மேடம். இது புழுங்கல். நெல்லை உமியோடு வேகவைத்துக் காயவைத்து, அப்புறம்தான் ஆலையில் போடுவோம்.”

“உமியோடு வேகவைத்தா?”

“ஆமாம்.”

“ஆலையில் போடுவதற்கு முன்னால்?”

“ஆமாம்,” என்றேன். அந்த இரண்டாவது ‘ஆமாம்’ வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“நேற்று ஓட்டிய நெல்லும் அப்படித்தானா?”

செங்குன்றத்திலிருந்து வருவது அவித்த நெல்தான். எங்களிடம் இயந்திரம் வாங்கும் எல்லா ஆலைக்காரர்களும் அவித்த நெல்லைத்தான் அரைக்கிறார்கள். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து நாங்கள் ‘நெல்’ என்று எழுதினால் அதற்குள் அவித்தலும் அடக்கம். என் பட்டியலின் நான்காவது வரி ‘சோதனைப் பொருள்: நெல்’ என்றுதான் சொன்னது. அவித்த நெல்லுக்குள் அரிசி இறுகிக் கெட்டிப்பட்டுவிடும். எவ்வளவு அழுத்தித் தீட்டினாலும் தாங்கும். பச்சை நெல் அப்படியில்லை. அதிலும் நீள அரிசி என்றால் முறுக்கினால் போதும், ஒடியும்.

“எங்கள் ஊரில் நெல்லை யாரும் வேகவைப்பதில்லை,” என்றார் அவர். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஃபிட்டர் அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னாம்மா? சோறு புடிக்கலையாமா?”

“அண்ணே, அவங்க ஊர்ல பச்சரிசிதானாம். பச்சை நெல்லைத்தான் அரைப்பாங்களாம்.”

அவர் உருட்டிய கவளத்தை வாயில் போடாமல் திரும்ப இலையில் வைத்தார். “யாரு கேட்டீங்க அத்த மொதல்லயே?”

யாரும் கேட்கவில்லை. மூன்று பக்கம் எழுதியிருந்தேன். எந்த வருடம் எந்தப் படை எந்த எல்லையைத் தாண்டியது என்று எனக்குத் தெரியும். அவர்கள் என்ன சோறு சாப்பிடுகிறார்கள் என்ற ஒரு வரி அதில் இல்லை. அரிசி ஆலை செய்து அனுப்புகிறவர்கள் நாங்கள்.

பட்டறைக்குத் திரும்பியதும் நேரே முதலாளியின் அறைக்குப் போனேன். வந்தவரை வெளியே உட்காரச் சொல்லவில்லை. அவரும் உள்ளே வந்தார். ஃபிட்டர் அண்ணன் கதவோரம் நின்றார்.

“சார், நாம பண்ணின டெஸ்ட் தப்பு.”

“என்னம்மா தப்பு? நாற்பத்தொண்ணும் பாஸ்தானே?”

“நாற்பத்தொண்ணையும் அவிச்ச நெல்லுல ஓட்டியிருக்கோம். இவங்க பச்சை நெல்லு சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆர்டர்ல என்ன எழுதியிருக்கு?”

“நீளமான நெல்லுன்னு.”

“அப்ப நாம நெல்லுதானே ஓட்டினோம்?” என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் மோசமான மனிதர் இல்லை. கன்டெய்னர் ஏற்பாட்டுக்கு ஒரு மாதம் அலைந்தவர். “கையெழுத்து ஆயிடுச்சும்மா. மெஷின் அங்க போகட்டும். அங்க போய் செட்டிங் மாத்திக்கலாம். ஃபோன்லயே சொல்லிக்கலாம்.”

“செட்டிங் மட்டும் பத்தாது சார். தீட்டுற கல்லோட ரகம், பாலிஷரோட அழுத்தம், எல்லாமே அவிச்ச அரிசிக்குப் போட்டது. அந்தப் பட்டியலை எழுதினது நான். அதுல தப்பு இருக்குன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

  வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யார் எந்தப் பக்கம் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஃபிட்டர் அண்ணன்தான் பேசினார். “மொதலாளி, மெசினு அங்க போயி நொய்யா கொட்டிச்சின்னு வெச்சிக்க. அந்தம்மா உனுக்கா வீடியோ அனுப்பும்? எனுக்குத்தான் அனுப்பும். நான் இன்னா பாஷைல பதில் சொல்லிகினு இருப்பேன்?”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார். “பச்சை நெல்லுக்கு இப்ப எங்கய்யா போவ?”

“என் மச்சான் பட்டாபிராம் தாண்டி குத்தகைக்கு ஓட்டிகினு கீறான். சன்ன ரகம். அவிக்காத மூட்ட ஊட்ல அடுக்கி வெச்சிகினு கீறான். கேட்டா குடுப்பான். திட்டிகினே குடுப்பான், அது வேற.”

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆறு மூட்டை ஒரு குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. கூடவே மச்சானும் வந்திருந்தார், தன் நெல்லுக்கு என்ன கதி என்று பார்க்க.

ஓட்டினோம். என் பட்டியலின் முதல் முப்பது வரிகளில் இயந்திரம் அன்றைக்கும் தேறியது. மோட்டார் சூடாகவில்லை, அதிர்வு இல்லை. குழாயில் அரிசி வந்தது. வெள்ளையாக வந்தது. கிட்டே போனதும்தான் தெரிந்தது. பாதிக்குப் பாதி நொய்.

“அடப்பாவிங்களா,” என்றார் மச்சான். “கோழிக்குப் போடவா என் நெல்ல கேட்டீங்க?”

“மூடு மாமே,” என்றார் ஃபிட்டர் அண்ணன். “அந்தம்மா பாக்குது.”

வந்தவர் ஒரு காலி டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். என் பட்டியல் அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் திருப்பி, அதில் ஒரு கைப்பிடி அரிசியைக் கொட்டினார். நகத்தால் முழு அரிசியை ஒரு பக்கமும் ஒடிந்ததை ஒரு பக்கமும் தள்ளினார். அவசரமில்லாமல், ஒன்றுவிடாமல் தள்ளினார். இரண்டு குவியலும் ஏறக்குறைய ஒரே அளவு. அவருடைய கைபேசி பக்கத்தில் இருந்தது. படம் எடுக்கவில்லை.

“நேற்று முன்தினம் அவர்களைக் கைதட்ட வைத்தேன்,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “சரிசெய்ய முடியுமா? முடியும் என்று சொல்வதற்காகச் சொல்ல வேண்டாம்.”

எனக்குப் பதில் சொல்லத் தெரிந்த விதம் ஒன்றுதான். காகிதம் எடுத்து மூன்று தலைப்புப் போட்டேன்.

இன்றே செய்யக்கூடியவை: ஷெல்லரில் ரப்பர் உருளைகளின் இடைவெளியை அகட்டுவது, வேகத்தைக் குறைப்பது, பாலிஷரின் அழுத்தத்தைக் குறைப்பது.

சில வாரம் பிடிப்பவை: பாலிஷரின் கல்லை மாற்றுவது, ஒரே தடவையில் தீட்டாமல் இரண்டு தடவையாகத் தீட்ட இன்னொரு பாலிஷர் சேர்ப்பது, அதற்கேற்ப ஏற்றியை நீட்டுவது.

இங்கே செய்ய முடியாதது: அவர்களுடைய நெல்லிலேயே ஓட்டிப் பார்ப்பது.

மூன்றாவதில் விரலை வைத்தார். “ஏன்?”

பூச்சியும் நோயும் பரவும் என்பதால் நெல்லை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அப்படியே கொண்டுவர விடமாட்டார்கள். சொன்னேன். அரிசியாக என்றால் கொண்டுவரலாம். சொல்லும்போதே எனக்குச் சாமி படம் நினைவுக்கு வந்தது.

முதலாளியே போய் அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்து கத்தரிக்கோலால் பிரித்தார். சுற்றிலும் வாசனை. மெல்லிய, நீளமான, கண்ணாடி மாதிரி அரிசி. நான் வெர்னியரை எடுத்து ஐம்பது மணிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். நீளம், தடிமன். மச்சானின் சன்ன ரகத்தைவிட இது இன்னும் நீளம், இன்னும் மெலிவு. இன்னும் சுலபமாக ஒடியும் என்று அர்த்தம். பொட்டலத்தில் நொய் மிகக் குறைவு. அவர்கள் எதிர்பார்ப்பது அந்த அளவு.

அன்று பகல் முழுதும் ‘இன்றே செய்யக்கூடியவை’ மூன்றையும் செய்தோம். அழுத்தத்தை எவ்வளவு குறைப்பது என்பதில் எனக்கும் ஃபிட்டர் அண்ணனுக்கும் இரண்டு முறை சண்டை. நான் கணக்குப் போட்ட அளவுக்குக் குறைத்தால் தவிடு போகாமல் அரிசி பழுப்பாக நிற்கும் என்றார். “எம்மா, உன் கால்குலேட்டரு சோறு துன்னுமா?” அவர் சொன்னபடியே அரிசி பழுப்பாக நின்றது. அவர் சொன்ன அளவுக்குக் கூட்டினால் ஒடிந்தது. இருவருக்கும் நடுவே ஓர் இடத்தில், நாலு மணிக்கு, நொய் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. மச்சானின் ஆறாவது மூட்டை அப்போது காலி.

மூன்றில் ஒரு பங்கு போதாது. அது எல்லோருக்கும் தெரிந்தது.

வந்தவர் ஒப்புதல் தாளைக் கேட்டார். முதலாளி கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் அதைக் கிழிக்கவில்லை. தன் கையெழுத்துக்குக் கீழே தன் மொழியில் இரண்டு வரி எழுதினார், பிறகு அதையே ஆங்கிலத்தில்: ‘பச்சை நெல்லில் சோதனை முடியவில்லை. முடியும்வரை மேலே உள்ள கையெழுத்து செல்லாது.’ முதலாளியிடம் பேனாவை நீட்டினார். அவர் கொஞ்சம் யோசித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். கன்டெய்னர்காரருக்கு ஃபோன் செய்ய வெளியே போனார்.

ஊருக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். குழுவில் எழுதமாட்டாராம். ஊருக்குப் போய், மறுபடி வீடு வீடாகப் போய்ச் சொல்வாராம். முதலில் அந்தப் பாட்டி வீட்டுக்கு. “அரிசி மஞ்சளாக இருக்கிறது என்று கவனித்தது அவர்தானே. நான் கவனித்தும், யாரையும் கேட்காமல் பதில் சொல்லிவிட்டேன்.”

மறுநாள் விடியலில் அவருக்கு விமானம். பூந்தமல்லி வரை கொண்டுபோய் விட்டேன். இறங்கியதும், “அறுவடை ஆரம்பிக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். எங்கள் நெல்லில் ஓட்டிச் சரிசெய்ய வேண்டும். அவரும்” என்றார். ஃபிட்டர் அண்ணனைச் சொன்னார்.

அவருக்குப் பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பம் நான்தான் நிரப்பினேன். விசாரணைக்கு வந்த காவலர் முத்தாபுதுப்பேட்டை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த நாடு என்று கேட்டிருக்கிறார். கம்போடியா என்றதும் பேனாவை மூடிவிட்டாராம். கம்ப்யூட்டர் வேலை என்று அங்கே கூட்டிப்போய் அடைத்து வைத்து, ஃபோனில் ஊரை ஏமாற்றும் வேலை வாங்கும் கும்பல்களிடம் நம் பக்கத்துப் பையன்கள் மாட்டியது எல்லோருக்கும் தெரியும்.

“எந்த ஏஜென்ட்டு?” என்று கேட்டிருக்கிறார் காவலர்.

“ஏஜென்ட்டு இல்ல சார். டிசைன் மேடம்.”

“கம்ப்யூட்டர் தெரியுமா உங்களுக்கு?”

“ஸ்பானர்தான் தெரியும்.”

“ஸ்பானருக்கு எதுக்குய்யா கம்போடியா?”

அவர் மனைவி நடுவில் புகுந்து, “நானும் அதத்தான் ரெண்டு வாரமா கேட்டுகினு கீறேன்” என்றாராம். கடைசியில் முதலாளி கடிதம் கொடுத்து, காவலருக்கு அரிசி எப்படி ஒடிகிறது என்று விளக்கமும் கொடுத்த பிறகு வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி இவ்வளவு சிரிப்பாக வரவில்லை. அப்பா யூடியூபில் கண்ணிவெடிப் படங்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். அவருக்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தவரிடம் வீடியோவில் பேச வைத்தேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வரும். இருபது நிமிடம் பேசினார்கள். வெடியைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். மிச்ச நேரமெல்லாம் அவர்கள் ஊரில் மழை எப்போது நிற்கும், மகளுக்கு எந்தக் கல்லூரி, கட்டணம் எவ்வளவு என்று. வைத்துவிட்டு அம்மாவிடம், “பொண்ண தனியா வெளியூர்ல படிக்க வெக்கிறாங்க” என்றார். அனுமதி என்று அதற்குப் பெயர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் எனக்கு ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்தார்.

இப்போதைய நிலை இது. இயந்திரம் அம்பத்தூரில்தான் இருக்கிறது. இரண்டாவது பாலிஷர் பொருத்தியாகிவிட்டது, கல் மாற்றியாகிவிட்டது. மச்சானின் நெல்லில் நொய் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. அவர்கள் கேட்கும் அளவு அதைவிடக் குறைவு. மிச்சத்தை நாங்கள் இருவரும் அங்கே போய், அவர்கள் நெல்லில் ஓட்டித்தான் குறைக்க வேண்டும். சங்கத்தில் நான்கு குடும்பங்கள் லாரிக்காரர்களிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். புதிய சோதனைப் பட்டியலை அவரும் நானும் சேர்ந்து எழுதுகிறோம், பாதி முடிந்திருக்கிறது. கன்டெய்னர் இருபது நாளில் கிளம்புகிறது. அவர்கள் அறுவடைக்கு இன்னும் பதினோரு வாரம்.